காயத்தின் அளவும் தண்டனையின் அளவும்

வாய்க்கால் நீருக்காகவும் வரம்புக்காகவும் எழும் பூசல் வன்னிக்குப் புதிதன்று. இரணைமடுவின் கீழாயினும், முத்தையன்கட்டின் கீழாயினும், பாவற்குளத்தின் கீழாயினும் வயல் செய்பவன் கையில் மண்வெட்டி எப்பொழுதும் இருக்கும். சினம் மூண்ட கணத்தில் அதுவே ஆயுதமாகிவிடுகிறது. அடிபட்டவன் ஆசுபத்திரிக்கும் அடித்தவன் பொலிஸ் நிலையத்துக்கும் போன பின்னர் ஊரார் கேட்பது ஒன்றே: "எத்தனை வருஷம் கிடைக்கும்?" விடை நீதிபதியின் மனத்தில்தான் இருக்கிறதென்று பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. அதன் பெரும்பகுதி, வழக்கு அவர் முன் வருமுன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையைப் புரட்டுவோம். வேண்டுமென்றே விளைத்த சாதாரண காயத்துக்கு ஓராண்டு வரை சிறை. ஆபத்தான ஆயுதத்தால் விளைந்ததாயின் மூன்றாண்டு. பாரதூரமான காயமாயின் ஏழாண்டு. அதுவும் ஆயுதத்தால் எனின் பத்தாண்டு. கொலை முயற்சியில் காயமும் விளைந்ததெனின் இருபதாண்டு வரை. ஒரே மண்வெட்டி அடி இப்படிகளுள் எதிலும் போய் நிற்கக்கூடும். எலும்பு முறிந்ததா, பல் உடைந்ததா, முகம் நிரந்தரமாக விகாரமுற்றதா, 20 நாள்கள் தன் வழமையான தொழிலைச் செய்ய இயலாது கிடந்தானா என்பனவற்றைப் பார்த்து முதலில் கருத்துரைப்பவர் சட்ட வைத்திய அதிகாரி.

இந்த இருபது நாள் கணக்கு என்னை நெடுநாள் உறுத்தி வந்திருக்கிறது. காலபோக அறுவடையில் பத்து நாள் படுக்கையில் கிடந்தவன் ஓராண்டுச் சோற்றையே இழக்கலாம். எனினும், பிற காயக்குறிகள் இல்லையேல், அவன் பட்டது சட்டத்தின் கண்ணில் சாதாரண காயம். உத்தியோகத்தனுக்கும் உழவனுக்கும் நாள் ஒரே அளவினதன்று என்பதைச் சட்டக்கோவை அறியாது, நீதிபதி அறியலாம்.

அடுத்து, வழக்கு எங்கே செல்கிறது என்பது. நீதவான் பொதுவாக விதிக்கக்கூடிய சிறை இரண்டாண்டுக்கு மேற்படாது. ஆகவே, சட்டக்கோவை பத்தாண்டு என்றாலும் நீதவான் மன்றில் அது வெறும் ஏட்டெண். சட்டமா அதிபர் மேல் நீதிமன்றில் குற்றப்பகர்வு தாக்கல் செய்தாலன்றி அந்த எண்ணுக்கு உயிர் வராது. இரண்டாண்டுக்கு உட்பட்ட சிறையை ஒத்திவைக்கவும் இடமுண்டு.

எஞ்சியதே நீதிபதியின் உளத்தேர்வு. பின்னர் பிரதம நீதியரசரான எச். எச். பஸ்நாயக்க 1955இல், சட்டமா அதிபர் எதிர் எச். என். டி சில்வா வழக்கில் அதற்கு வழி வகுத்தார்: செயலின் தன்மையிலிருந்து தோன்றும் குற்றத்தின் பாரதூரத்தை முதலில் நோக்குக, சட்டம் விதித்த தண்டனையையும், பிறரைத் தடுக்கும் அதன் ஆற்றலையும் கருதுக. எதிரியின் கோணத்திலிருந்து மட்டும் பார்ப்பதை அத்தீர்ப்பு ஏற்கவில்லை. 1979இன் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 303ஆம் பிரிவோ, சிறையை ஒத்திவைக்குமுன் எதிரியின் முன்னைய நடத்தை, நேர்ந்த காயமும் நட்டமும், குற்றத்தை ஒப்புக்கொண்டமை முதலிய பலவற்றையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது.

ஒத்திவைத்த தண்டனையை நான் வெறுப்பவனல்லன். அடுத்தடுத்த வயல்காரர் இருவரில் ஒருவரைச் சிறைக்கு அனுப்பினால் பகை பிள்ளைகள் தலைக்கும் இறங்கும். ஆனால் நட்டஈடில்லாத ஒத்திவைப்பு, அடிபட்டவன் வீட்டில் 'விடுதலை' என்றே விளங்கிக்கொள்ளப்படுகிறது. நட்டஈடு செலுத்தப் பணிக்கும் அதிகாரம் மன்றுக்கு உண்டு. 2015இன் 4ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2023இன் 10ஆம் இலக்கச் சட்டமும் பாதிக்கப்பட்டோரின் உரிமையை எழுத்தில் வைத்துள்ளன. அத்தொகையை இழந்த நெல்லின் புசல் கணக்கில் நிறுத்து, ஐப்பசி விதைப்புக்கு முன் கட்டும்படி பணிக்க எந்தச் சட்டமும் தடையாயில்லை.