வேகத்துக்கும் வேண்டும் நிகர எடை

ராஜபாளையத்து மில்லிலிருந்து வெளியேறும் நூல் கோன் ஒன்றில் கவுண்ட் 40 என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை நிற்கும். அதாவது, ஒரு பவுண்டு நூலை நீட்டினால் 33,600 கஜம் ஓடும். சந்தேகம் உள்ளவர் 120 கஜத்தைச் சுற்றி எடுத்துத் தராசில் வைத்துப் பார்க்கலாம், சுமார் 1.62 கிராம் காட்ட வேண்டும். விற்பவர் கையிலும் வாங்குபவர் கையிலும் அந்த எண் மாறுவதில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாள் முதல் இந்த ஊரின் நூல் வியாபாரம் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கும் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதுதான் கணக்கு. எண்ணை மதித்துப் பிழைக்கும் இப்படிப்பட்ட ஊரில், வைஃபை ரவுட்டரின் பெட்டியில் அச்சாகியிருக்கும் எண் மட்டும் எந்த வீட்டுக்கும் பொருந்தாத எண்ணாக இருக்கிறது. 1200 எம்பிபிஎஸ் என்று போட்ட ரவுட்டரை மாட்டிவிட்டு ஸ்மார்ட்போனில் வேகத்தைச் சோதித்தால் 200 காட்டும், 90 காட்டும், சமையலறையில் நின்றால் 30 காட்டும். கோபம் நெட் கொடுத்த நிறுவனத்தின் மேல் பாயும். அடுத்து போனின் மேல், அதற்கடுத்து ரவுட்டரின் மேல். பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்றுமே பழுதில்லாமல்தான் இருக்கின்றன. பழுது அந்த எண்ணில் இருக்கிறது.

அந்த 1200 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். ஏசி1200 என்று விற்கும் ரவுட்டருக்குள் இரண்டு வானொலிகள் இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குவதற்கு 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குவதற்கு 867. இரண்டையும் கூட்டினால் 1167. அதை முழு எண்ணாக்கி 1200 என்கிறார்கள். கையிலிருக்கும் போன் பொதுவாக ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றோடுதான் பேசும். ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் பேருந்திலும் போகலாம், ரயிலிலும் போகலாம் என்பதற்காக இரண்டின் வேகத்தையும் கூட்டி அதைப் பயண வேகம் என்று யாரும் சொல்வதில்லை. ஏஎக்ஸ்3000 என்ற விலை கூடிய ரவுட்டரிலும் இதே கூட்டல்தான்: 574-உம் 2402-உம். ஆகவே அந்த வீட்டுக்குள் எந்தப் போன் வந்தாலும், எவ்வளவு அருகில் வைத்தாலும், பெட்டியின் மேலுள்ள எண்ணை அது எட்டப் போவதில்லை. வாங்கியவர் தவறாகப் பயன்படுத்தியதால் குறைந்த வேகம் அல்ல இது. முதலிலிருந்தே அப்படியொரு வேகம் எந்தப் போனுக்கும் வைக்கப்படவில்லை.

அடுத்தது போனின் உடம்பு. 867 என்ற கணக்கு இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் இரண்டு தாரைகளாகத் தரவை வாங்கினால் கிடைப்பது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் வைஃபைக்கு ஒரே தாரைதான். அப்போது உச்சம் 433. பழைய போன் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்ததாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பெட்டியில் உள்ள 300 என்பது 40 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதையையும் இரண்டு தாரைகளையும் நம்பிய எண். அந்த அலையில் போன்கள் பெரும்பாலும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில்தான் இயங்குகின்றன. ஒரே தாரை என்றால் உச்சம் 72. ரவுட்டரின் முதுகில் நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கலாம். எதிரில் உள்ள போனுக்கு எத்தனை காது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும். ஏஎக்ஸ்3000-இல் உள்ள 2402-க்கு 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். 80 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும் போன்களுக்கு அது பாதியாகி 1201 ஆகிறது. போன் சிறிய கருவி, மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியது. பதில் அனுப்பும்போது அதன் குரல் ரவுட்டரின் குரலைவிட மெலிந்திருக்கும். அந்தப் பதில் போய்ச் சேராவிட்டால் ரவுட்டர் அதே தரவை மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும்.

இந்த 433, 867, 1201 எல்லாம்கூட இணைப்பின் மொத்த வேகங்களே தவிர, கோப்பு இறங்கும் வேகங்கள் அல்ல. கம்பியில் போவதும் வருவதும் தனித்தனி வழியில் நடக்கலாம். காற்றில் ஒரே வழிதான். ஒரு கருவி பேசினால் மற்றவை காத்திருக்க வேண்டும். பேசுவதற்கு முன் வழி காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும், காலியாக இருந்தாலும் சில மைக்ரோவினாடிகள் பொறுக்க வேண்டும், பிறகு முகவுரையாக ஒரு சமிக்ஞை, அதன் பின்தான் தரவு. வந்து சேர்ந்தது என்ற ஒப்புகையோ எல்லாக் கருவிக்கும் புரிய வேண்டும் என்பதற்காக 24 எம்பிபிஎஸ் போன்ற தாழ்ந்த வேகத்தில் திரும்புகிறது. இத்தனை சடங்கும் முடிந்தபின் நல்ல சூழ்நிலையில் கையில் நிற்பது இணைப்பு வேகத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. வீட்டில் பழைய போன் ஒன்றும் சேர்ந்துகொண்டால் இன்னும் குறையும். எல்லாக் கருவிக்கும் பேசும் முறை சமமாகக் கிடைக்கிறது. மெதுவாகப் பேசும் கருவி தன் முறையில் அதிக நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு மந்தமான கருவி மற்றெல்லாவற்றையும் தன் வேகத்தை நோக்கி இழுத்துவிடும் என்பதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003-லேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். இது வைஃபையின் குறைபாடு என்று சொல்ல மாட்டேன். பலரும் ஒரே காற்றைச் சண்டையின்றிப் பகிர்ந்துகொள்ள நாம் கொடுக்கும் விலை அது. அந்த விலையைக் கழிக்காமல் எண்ணைச் சொல்வதுதான் தவறு.

வீட்டின் அமைப்பு மீதிக் கணக்கை முடித்துவைக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களின் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு குறுகல், உள்நீளம் அதிகம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய கனத்த சுவர். ஃபைபர் கம்பி தெருவிலிருந்து வருவதால் ரவுட்டர் வாசல் அறையிலேயே தங்கிவிடுகிறது. பிள்ளைகள் படிப்பது பின்கட்டில். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒவ்வொரு செங்கல் சுவரும், இரும்புப் பீரோவும், நிலைக்கண்ணாடியும் தடை. 867-ஐத் தொட ஒரு துடிப்பில் 8 பிட்டுகளையும், 1201-ஐத் தொட 10 பிட்டுகளையும் பிசிறின்றிப் படிக்க வேண்டும். அது ரவுட்டர் இருக்கும் அறையோடு சரி. சுவர் தாண்டத் தாண்ட இணைப்பு படிப்படியாக இறங்கும், அல்லது போன் 2.4-க்குத் தாவிவிடும். அங்கே நெரிசல் காத்திருக்கிறது. இந்தியாவில் 2005 முதல் உரிமம் இன்றிப் பயன்படுத்தக் கிடைக்கும் அந்த அலையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ், ஒன்றன் மேல் ஒன்று விழாமல் அதில் மூன்று பாதைகள்தான் போட முடியும். ஒட்டிய வீடுகளின் ரவுட்டர்கள் அத்தனையும் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்க வேண்டும். 300 என்ற எண் கேட்கும் 40 மெகாஹெர்ட்ஸை ஒரே வீடு எடுத்துக்கொண்டால் தெருவுக்கே உரிய காற்றில் ஏறத்தாழ பாதி போய்விடும். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இன்றித் திறந்துவிட்டது இந்த நெரிசலுக்கு உண்மையான மருந்து. ஆனாலும் சுவரை அந்த ஆணை மெலிதாக்கவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இன்னும் இரண்டு மடைகள் இருக்கின்றன. மலிவான ஏசி1200 ரவுட்டர்கள் பலவற்றில் கம்பி செருகும் துளையின் கொள்ளளவே 100 எம்பிபிஎஸ்தான். அந்தத் துளை வழியாக இணையத்திலிருந்து 100-க்கு மேல் உள்ளே வர வழியில்லை. வராததைக் காற்றில் எவ்வளவு வேகமாக வீசினால் என்ன? அடுத்தது மாதச் சந்தா. 40 அல்லது 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறவருக்கு 3000 என்ற ரவுட்டர் இணைய வேகத்தில் ஒரு எம்பிபிஎஸ் கூடக் கூட்டித் தராது. கண்மாய் எவ்வளவு பெரிதானாலும் வயலுக்கு வரும் தண்ணீரைக் குறுகிய மடைதான் அளக்கும் என்பது விருதுநகர் மாவட்டத்துச் சம்சாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்மாயின் கொள்ளளவை மட்டும் எழுதி, மடையின் அகலத்தை மறைத்த பலகையாக இருக்கிறது ரவுட்டர் பெட்டி.

தயாரிப்பாளர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு. இது கோட்பாட்டளவிலான உச்சம், உண்மை வேகம் சூழ்நிலையைப் பொறுத்தது என்று பெட்டியிலோ இணையதளத்திலோ சிறிய எழுத்தில் சொல்லித்தான் இருக்கிறோம் என்பார்கள். சொல்லியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பெட்டியில் அடைத்து விற்கிறவர், உள்ளே எத்தனை லிட்டர் பால் காய்ச்சினோம் என்பதைப் பெரிதாகப் போட்டுவிட்டு, கோவாவின் எடை சூழ்நிலையைப் பொறுத்தது என்று அடியில் எழுத முடியாது. சுண்டியபின் என்ன மிஞ்சியதோ அதை நிகர எடையாக, படிக்கும்படியாக எழுதச் சட்ட அளவையியல் விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. கால் கிலோ இனிப்புக்கு இருக்கும் இந்தக் கண்டிப்பு, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் கருவிக்கு இல்லாமல் போவதற்கு நியாயம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. பெரிய எழுத்தில் ஓர் எண்ணும் சிறிய எழுத்தில் அதற்கு மறுப்பும் இருந்தால், விற்பனை நடப்பது பெரிய எழுத்தால்தான்.

இரண்டாவது பதில் கொஞ்சம் வலுவானது. ஒவ்வொரு வீடும் வேறு, ஒவ்வொரு போனும் வேறு. எல்லாருக்கும் பொருந்தும் உண்மை எண்ணை எப்படிச் சொல்ல முடியும்? இதற்கான விடை ராஜபாளையத்து மில்களின் சோதனைக்கூடங்களில் இருக்கிறது. பஞ்சு ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஐப்பசி மழையில் எடை கூடும், சித்திரை வெயிலில் குறையும். எடை மாறினால் கவுண்டும் மாற வேண்டும். அதனால் கவுண்ட் என்ற அளவையே கைவிட்டார்களா? 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் என்று ஒரு பொதுச் சூழலை வகுத்தார்கள்; பருத்திக்கு 8.5 சதவீத ஈரம் என்று வணிகக் கணக்குக்கு ஒரு வரம்பை ஒப்புக்கொண்டார்கள். சூழல் மாறும் பொருளுக்கு அளவை வேண்டாம் என்பது முடிவாகவில்லை, சூழலை முதலில் நிறுத்திவை என்பதே முடிவானது. வைஃபைக்கும் அது முடியும். இரண்டு தாரையுள்ள சாதாரண போன், 80 மெகாஹெர்ட்ஸ் அகலம், ஒன்று அதே அறையில், மற்றொன்று ஒரு செங்கல் சுவருக்கு அப்பால். அங்கே கோப்பு எவ்வளவு வேகத்தில் இறங்கியது என்ற இரண்டு எண்கள். எந்த வீட்டிலும் அப்படியே அந்த எண்கள் வந்துவிடாது. ஆனால் இரண்டு ரவுட்டர்களை நேர்மையாக ஒப்பிட அவை போதும்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது: கூட்டுத்தொகை பொய்யல்ல, ஒரு போன் 5-இலும் இன்னொன்று 2.4-இலும் இருந்தால் இரண்டு வானொலிகளும் சேர்ந்தே உழைக்கின்றன. அதோடு ஒரு படம் பார்க்க 25 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும், மக்களுக்கு என்ன குறை? முதல் பாதி சரி. பல கருவிகள் உள்ள வீட்டுக்குக் கொள்ளளவு பயன்படும். அப்படியானால் அதைக் கொள்ளளவு என்றே எழுதட்டும், வேகம் என்று எழுத வேண்டாம். இரண்டாம் பாதி என் வாதத்துக்கே துணை செய்கிறது. 25 போதும் என்றால், 1200-ஐ விட்டு 3000-ஐ வாங்க வைக்கும் அந்த எண் எதற்கு? தேவைக்கு மேல் செலவழிக்க வைப்பதும், பிரச்சினை சுவரில் இருக்கும்போது ரவுட்டரை மாற்ற வைப்பதும் அந்த எண்தான். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் மில் தொழிலாளி வீட்டுக்கு அந்த ஓரிரு ஆயிரம் சிறு தொகை அல்ல.

இந்த மாற்றம் நடக்கக் கூடியதுதான் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அங்கே இணைய நிறுவனங்கள் பத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் வேகத்தை வைத்து விளம்பரம் செய்துவந்தன. 2018 மே மாதம் முதல், நெரிசல் மிகுந்த இரவு 8 முதல் 10 மணிக்குள் குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் வேகத்தையே விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. 17 வரை என்று விற்ற பழைய இணைப்புகள் 10, 11 என்று எழுதத் தொடங்கின. நிறுவனங்கள் மூடிவிடவில்லை; எண்கள்தான் மண்ணுக்கு இறங்கின. நம் நாட்டில் கருவிகளும் ஆயத்தமாக இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதைச் செயல்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 முதல் இருக்கிறது. தொலைத்தொடர்புச் சாதனங்களைச் சோதித்துச் சான்று வழங்கத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் இருக்கிறது. சான்றோடு இரண்டு வரி கூட்டினால் போதும்: ஒரு போனுக்கு அதே அறையில் இவ்வளவு, ஒரு சுவர் தாண்டி இவ்வளவு.

அதுவரை வாங்குகிறவர்கள் கடையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் எவ்வளவு? கம்பித் துளை 100-ஆ, 1000-ஆ? என் போனுக்கு ஒரு தாரையா, இரண்டா? வீட்டுக்கு வந்ததும் ரவுட்டரை வாசல் மூலையிலிருந்து வீட்டின் நடுவுக்கு, தலைக்கு மேல் உயரத்தில், பீரோவுக்கு விலகி மாற்றுங்கள். புதிய ரவுட்டர் தராத வேகத்தைப் பத்து மீட்டர் கம்பி தந்துவிடக்கூடும். கேள்விகள் பெருகினால் கடைக்காரர் கேட்பார், கடைக்காரர் கேட்டால் கம்பெனி எழுதும். நூலுக்கு நேர்மையான எண்ணைக் கேட்டு வாங்கப் பழகிய ஊர், ரவுட்டருக்கும் அதைக் கேட்கட்டும்.