ஒரே சான்ஸ், பாஸ்!

நமக்கெல்லாம் அரியர் இருக்கு. அஞ்சாம் கிளாஸ் வாண்டுக்கு? மத்திய அரசின் நவோதயா பள்ளியில் இலவசமாகத் தங்கிப் படிக்க, ஆறாம் வகுப்புக்கான நுழைவுத் தேர்வை ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும்!

மொத்தம் 100 மார்க். அதில் பாதி, அதாவது 50, மனத்திறனுக்கு. 'கூட்டத்தில் சேராத படம் எது?' டைப் புதிர்கள். மனப்பாட மன்னர்கள் இங்கே அம்பேல்.

குறைந்தது 75 சதவிகித இடம் கிராமத்துப் பசங்களுக்கு. ஆனால், 3 முதல் 5-ம் வகுப்புக்குள் ஒரே ஒரு நாள் டவுன் ஸ்கூலில் படித்திருந்தாலும் அந்தக் கோட்டா கட். இங்கிலீஷ் மீடியம் ஆசையில் ஸ்கூல் மாற்றும் அப்பாக்கள் மாட்டுவது இங்கேதான். (ஒரு நாளுக்கா? ரொம்ப ஓவர்!)

காரைக்கால், புதுச்சேரி பக்கம் ஊரா? லீவுக்குப் போனால், பக்கத்து வீட்டு வாண்டோடு உட்கார்ந்து நாலு புதிர் போட்டுப் பாருங்களேன். ஸ்கூல் மாற்றுகிற பேச்சு ஓடினால், அப்பாவிடமும் ஒரு வார்த்தை!