ஷட்டில் ஆட்டம் முன்னேறாம நிக்குதா? வயசைக் குறை சொல்லாதீங்க

1/ தினமும் காலையில ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடுறீங்க. மூணு வருஷம் ஆச்சு. முதல் ஆறு மாசம் ஆட்டம் விறுவிறுன்னு ஏறுச்சு. அப்புறம் அப்படியே நின்னுபோச்சு. அதே பேக்ஹேண்ட் சொதப்பல், அதே ஆள்கிட்ட அதே தோல்வி. உங்க கதை இதுதான்னா, இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் காட்டமாவே எழுதுறேன்.

2/ இப்படி நின்னுபோனவங்க எல்லாரும் சொல்ற காரணம் மூணு. "வயசாயிடுச்சு டாக்டர்." "பேட் சரியில்ல." "இன்னும் ரெண்டு கேம் சேர்த்து ஆடினா சரியாயிடும்." மூணுமே தப்பு. மூணாவது ஆபத்தும்கூட.

3/ முதல்ல வயசு. 45 வயசுல கால் வேகம் குறையும், மறுக்கல. ஆனா உங்க ஷார்ட் சர்வீஸ் நெட்டுக்கு ஒரு அடி மேல போறதுக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம்? சர்வீஸ் போட ஓடவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம்.

4/ அடுத்து பேட். பெரிய பிளேயர் 28 பவுண்டு டென்ஷன்ல ஸ்டிரிங் கட்டுறார்னு நீங்களும் கட்டுறீங்க. இறுக்கமான ஸ்டிரிங்ல காக் சரியா நடுவுல பட்டாத்தான் போகும். உங்களுக்கு நடுவுல படுறதே பிரச்சினை. காக் போகாது, முழங்கைதான் வலிக்கும்.

5/ அப்போ ஆட்டம் ஏன் நிக்குது? 1897-லயே அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர்னு ரெண்டு பேர், தந்தி வேலை கத்துக்கிறவங்களோட முன்னேற்றத்தை அளந்து வரைபடம் போட்டாங்க. வர்ற தந்தியைக் கேட்டுப் புரிஞ்சுக்கிற திறமை ஏறிக்கிட்டே வந்து, நடுவுல பல வாரம் சமதளமா நின்னு, மறுபடி ஏறுச்சு. நிக்கிறது எல்லாருக்கும் நடக்கிறதுதான். வருஷக்கணக்கா நிக்கிறதுதான் கேள்வி.

6/ புதுசா ஒரு அசைவைக் கத்துக்கும்போது யோசிச்சு யோசிச்சு செய்றோம். பழகிட்டா யோசிக்காமலே கை போகும், பைக் கியர் மாத்துற மாதிரி. அந்தக் கட்டத்துல தப்பும் சேர்ந்தே பழகிடுது. அதுக்கப்புறம் நீங்க ஆடுற ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் தப்புக்குத்தான் பயிற்சி.

7/ "அனுபவம் தானா கத்துக்கொடுக்கும் டாக்டர்"னு சொல்வீங்க. எங்க தொழிலையே எடுத்துக்கோங்க. 2005-ல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழ்ல, டாக்டர்களோட அனுபவத்தையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 மதிப்பீடுகளைத் தொகுத்தாங்க. அதுல 32-ல், அனுபவ வருஷம் கூடக்கூட, அளந்த எல்லா விஷயத்திலும் தரம் குறைஞ்சிருந்தது. படிச்சுப் பட்டம் வாங்கின எங்களுக்கே இந்த நிலைமை.

8/ ஒரு மணி நேர டபுள்ஸ்ல உங்க பேக்ஹேண்டுக்கு எத்தனை காக் வருது? வர்றதுல பாதியை சுத்தி ஓடிப்போய் ஃபோர்ஹேண்ட்ல எடுப்பீங்க. மீதியை பார்ட்னர் எடுப்பார். மேட்ச்ல ஜெயிக்கணும்னா பலவீனத்தை மறைக்கணும். கத்துக்கணும்னா அதை வெளியே கொண்டுவரணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்காது.

9/ இப்போ அந்த மூணாவது காரணம். கேம் எண்ணிக்கையைக் கூட்டினா ஆட்டம் ஏறாது, தசைநாண்ல சுமைதான் ஏறும். தசை பலமாகிற வேகத்துல தசைநாண் பலமாகாது. 30-லிருந்து 50 வயசுக்குள்ள, வாரக் கடைசியில மட்டும் ஆவேசமா ஆடுற ஆண்களுக்குத்தான் குதிகால் தசைநாண் அதிகமா அறுந்துபோகுது. பின்னாடி யாரோ உதைச்ச மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க. அப்புறம் மாசக்கணக்குல கோர்ட்டை மறந்துடணும்.

10/ வலி மாத்திரை போட்டுட்டு கோர்ட்டுக்குப் போறவங்களுக்கு: வலி ஒரு எச்சரிக்கை. அதை அமுக்கிட்டு ஆடாதீங்க. ஆடும்போது நெஞ்சுல அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவுற வலி, தலைசுத்தல் வந்தா, "இந்த கேம் முடியட்டும்"னு நிக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி.

11/ பெற்றோர்களே, பன்னிரண்டு வயசுப் பிள்ளையோட ஆட்டம் நின்னா காலை பயிற்சி போதாதுன்னு மாலையும் சேர்க்கிறீங்க. வளர்ற வயசுல முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பு மேட்டுல வலி வந்தா, அது சோம்பேறித்தனம் இல்ல. அளவுக்கு மீறின குதிப்போட விளைவா இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்க. கோச்கிட்ட "இன்னும் எத்தனை மணி நேரம்?"னு கேட்காதீங்க. "இந்த மாசம் எதைத் திருத்துறீங்க?"னு கேளுங்க.

12/ சரி, என்ன செய்யணும்? 1986-ல் குட், மேகில்னு ரெண்டு ஆய்வாளர்கள் பேட்மின்டனையே வெச்சு சோதிச்சாங்க. மூணு வகை சர்வீஸ். ஒரு குழு ஒரு நாளைக்கு ஒரே வகை. இன்னொரு குழு மூணையும் கலந்து கலந்து. பயிற்சி முடிஞ்சு பிறகு சோதிச்சப்போ கலந்து பழகினவங்கதான் முன்னால இருந்தாங்க. பழகாத பக்கத்திலிருந்து போடச் சொன்னப்பவும் அவங்கதான்.

13/ அதனால: ஒரு மணி நேரத்துல முதல் 20 நிமிஷம் மேட்ச் கிடையாது. முதல்ல போன்ல வீடியோ எடுத்து, அதிகமா புள்ளி விடுற ஒரு விஷயத்தைக் கண்டுபிடிங்க. பழைய காக் ஒரு டஜன் போதும். தரையில டேப் ஒட்டி ஒரு கட்டம் போடுங்க. 20-க்கு எத்தனை விழுதுன்னு எழுதுங்க. கொஞ்சம் பிடிபட்டதும் ஷார்ட், லாங்குன்னு கலந்து போடுங்க. ஆறு வாரம் கழிச்சு எண்ணிக்கையைப் பாருங்க.

14/ "கோர்ட் வாடகை நாலு பேர் போட்டுக் கொடுக்குறோம், இதுக்கெல்லாம் நேரமில்ல, ஜாலிக்குத்தான் ஆடுறோம்"னு சொன்னீங்கன்னா, தாராளமா ஆடுங்க. இதயத்துக்கும் மனசுக்கும் அதுவே நல்லது. ஆனா அப்போ "ஏன் முன்னேறல"ன்னு புலம்பாதீங்க. அதுக்காகப் புது பேட்டும் வாங்காதீங்க, முழங்கையில ஊசியும் கேட்காதீங்க.

15/ முன்னேறணும்னா நாளைக்கே அந்த 20 நிமிஷத்தை ஆரம்பிங்க. பார்ட்னர் ஒத்துக்கலைன்னா இந்த இழையை அவருக்கு அனுப்புங்க.