குற்றம் எழுதுவோனிடமா, கருவியிடமா?

ஒருவர் கணினியில் "அம்மா" என்று எழுதுகிறார். பாமினி என்னும் பழைய எழுத்துருவில் எழுதுகிறார். கண்ணுள்ளோர் அதனை அம்மா என்றே படிக்கின்றனர். பார்வையற்ற அன்பர் ஒருவர் அதே ஏட்டைத் தம் கணினியில் திறக்கிறார். எழுத்தை ஒலியாக்கிச் சொல்லும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளே அவருக்குத் துணை. எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் அது, "எம், கே, செமிகோலன், கே, எச்" என்கிறது. அந்தோ! அன்னையின் பெயர் அலங்கோலமாயிற்று.

காரணம் யாது? திரையில் தோன்றுவது தமிழ். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவையோ ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறது. போர்வை கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றாது. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு, தமிழ் எழுத்துக்களுக்கும் குறிகளுக்கும் தமக்கே உரிய எண்களைத் தந்தது. அம்முறையில் எழுதினால் திரைவாசிப்பான் தமிழைத் தமிழாகவே ஒலிக்கும்.

இனிக் கேட்கிறோம்: மேற்சொன்ன குற்றத்துக்கு உரியவர் யார்? எழுதியவரா? அவர் தமிழ் எழுத விரும்பினார். கையில் அகப்பட்ட கருவியால் எழுதினார். மழுங்கிய கத்தியைக் கொடுத்துவிட்டு, பட்டையில் காயம் பட்டதென்று மரம் சீவுவோனை ஏசுவது அநீதி என்பதைத் தோட்டத்துத் தோழர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. எழுதும் கருவியின் பிழையை எழுதுவோன் தலையில் சுமத்துவதும் அத்தகைய அநீதியே என்பது நமது துணிபு.

எழுத்துருவோடு இவ்விஷயம் முடிந்துவிடவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பள்ளி ஆண்டு விழாப் படத்தை இணையத்தில் ஏற்றுகிறார். அப்படத்தில் உள்ளது யாதெனச் சொற்களால் எழுதும்படி கருவி அவரைக் கேட்டதா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வரி எழுதியிருப்பார். தலைப்பைத் தலைப்பென்று குறிக்க எளிய வழி காட்டிற்றா? காட்டவில்லை. ஆகவே அவர் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விட்டார். கண்ணுக்கு அது தலைப்பு. காதுக்கு அதுவும் மற்றொரு வரி. நல்லெண்ணம் படைத்த ஆசிரியரையே அறியாமல் தவறு செய்ய வைக்கிறது கருவி!

இதற்கு நெறி இல்லையா? உண்டு. இணையத் தொழில்நுட்பத்துக்கு விதி வகுக்கும் டபிள்யூ.த்ரீ.சி. என்னும் உலகக் கூட்டமைப்பு, 1999இல் இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிகளை வெளியிட்டது. மறு ஆண்டே, 2000 பிப்ரவரியில், அப்பக்கங்களை ஆக்கும் கருவிகளுக்கும் தனி நெறிகளைத் தந்தது. அவற்றின் இரண்டாம் பதிப்பு 2015 செப்டம்பரில் வெளிவந்தது. அது கூறுவன இரண்டு பகுதிகள். முதலாவது, உடற்குறையுடையோரும் அக்கருவியைக் கொண்டு எழுத இயல வேண்டும். இரண்டாவது, யார் எழுதினாலும் எல்லார்க்கும் எட்டும் வண்ணம் எழுதக் கருவி துணைபுரிய வேண்டும். படத்துக்கு விளக்கம் கேட்க வேண்டும். கோப்பின் பெயரையே விளக்கமென்று இட்டு ஏமாற்றலாகாது. எழுத்துப்பிழை காட்டுவதற்குத் தரும் இடத்தை, அணுகல் பிழை காட்டுவதற்கும் குறையாமல் தர வேண்டும். ஐரோப்பியர் 2014இல் வெளியிட்ட இ.என். 301 549 என்னும் தரவிதியும் எழுதும் கருவிகளை விட்டுவைக்கவில்லை. நெறி இருக்கிறது, நம்மிடையே அதனைக் கேட்பார்தாம் இல்லை.

இரண்டாம் பகுதியை ஒப்புவோர் சிலரும் முதற்பகுதியைக் கேட்டு நகைக்கின்றனர். "பார்வையற்றோர் கேட்கட்டும், எழுதவும் வேண்டுமோ?" என்கின்றனர். இஃது ஆணவப் பேச்சு. முற்காலத்தில் பாரிஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் புடைத்த ரோமன் எழுத்துக்களை மாணவர் விரலால் தடவிப் படித்தனர். கண்ணுள்ளோர் தம் கண்ணுக்கேற்ப வகுத்த எழுத்து அது. படிப்பதே பாடு, தாமே எழுதுவதோ அரிது. அப்பள்ளியில் பயின்ற லூயி பிரெயில் 1829இல் புள்ளி எழுத்தை வெளியிட்டார். பார்வையற்றோர் படித்ததோடு எழுதவும் செய்தனர். நம் நாளில், மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானைத் தொடங்கினார். அஃது இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் ஒலிக்கிறது. கருவியே செய்ய வல்லாரை எழுத லாயக்கற்றவர் என்பது எந்த நியாயம்?

"சிலருக்காக இத்தனை செலவா?" என்பாரும் உளர். கண் மங்கிய முதியோரும், பள்ளி வாசலை மிதியாத தோட்டத்துப் பாட்டியும் செவியால் படிக்கலாமே, அவரும் சிலரா? மேலும், பத்தாயிரம் எழுத்தாளர்க்குத் தனித்தனியே பயிற்சி தருவது எளிதா, அவர் யாவரும் ஆளும் ஒரு கருவியைத் திருத்துவது எளிதா? "செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்துத் தானே விளக்கும்" என்பார் மற்றொரு சாரார். விளக்கட்டும். மேடையில் ஒருவர் நிற்கிறார் என்று அது சொல்லும். அவர் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெறும் ஆசிரியர் என்பதைப் படம் எடுத்தவரன்றோ அறிவார்? இயந்திரத்தின் சொல்லை எழுதுவோர் திருத்தவும் கருவியில் வழி வேண்டும்.

இது தயை வேண்டி நிற்கும் விஷயமன்று, உரிமை. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், செய்தியும் தொழில்நுட்பமும் பெறும் உரிமையை ஏட்டில் எழுதியிருக்கிறது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் ஏற்றன. ஏட்டில் உள்ளதை வீட்டுக்குக் கொணர்வது நம் பொறுப்பு.

ஆகவே, சங்கங்களே, பள்ளிகளே, பத்திரிகைகளே! மென்பொருள் வாங்குமுன் விலையை மட்டும் கேளாதீர். 2015ஆம் ஆண்டு நெறிக்கு இணங்குகிறதா என்றும் கேளுங்கள். இணங்காததை வாங்க மறுங்கள். அரசாங்கங்கள் தம் கொள்முதல் நிபந்தனைகளில் இதனைச் சேர்க்கும்படி வற்புறுத்துங்கள். தமிழ் மென்பொருள் செய்வோரே! பழைய எழுத்துருக்களைக் கைவிடுங்கள். அவற்றில் சிறைப்பட்ட ஏடுகளை யூனிகோடுக்கு மாற்றித் தாருங்கள். பார்வையற்றோர் கையில் கொடுத்துச் சோதித்த பின்னரே விற்பனைக்கு விடுங்கள்.

தமிழை வளர்ப்பதாக மேடைதோறும் முழங்குகிறோம். "அம்மா" என்னும் ஒரு சொல்லை நம் உடன்பிறந்தார் யாவர் காதிலும் அம்மா என்றே ஒலிக்கச் செய்தோமா? அதைச் செய்துவிட்டு முழங்குவோம்.