சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று எங்கே என்கிறது ராணுவம்

ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 2001 ஜனவரியில் இறந்தார். அவரோடு வாழ்ந்து பிள்ளைகளையும் பெற்ற பெண் குடும்ப ஓய்வூதியம் கேட்டார். கிடைக்கவில்லை. 1981இல் இவர்கள் மணம் செய்துகொண்டபோது அவருடைய முதல் திருமணம் சட்டப்படி முறிந்திருக்கவில்லை. மணமுறிவுத் தீர்ப்பு 1990 நவம்பரில்தான் வந்தது. அதற்குப் பிறகும் அவர் சாகும்வரை இருவரும் சேர்ந்தேதான் வாழ்ந்தார்கள். கணவன் மனைவியாக நெடுங்காலம் வாழ்ந்தவர்களைத் திருமணமானவர்கள் என்றே சட்டம் அனுமானிக்கும், ஓய்வூதியம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 ஆகஸ்டில். 22 வருடம் கழித்து!

தோழர்களே, இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். துணையாக வாழ்ந்தவருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 'மனைவி என்று அனுமானிக்கிறோம்' என்றுதான் சொன்னது. மணமாகாத துணைக்கு நம் ராணுவ ஓய்வூதிய விதிகளில் இன்றும் இடமில்லை. கனடாவில் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்த துணையைப் படைவீரரின் வாரிசாக ஏற்கிறார்கள்.

சேர்ந்து வாழ்வது நகரத்துப் பணக்காரர்களின் பாணி, நமக்கென்ன என்று நம் ஆட்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நமக்குத்தான் இருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிய வேண்டுமானால் 30 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். சாதி மறுத்துச் சேர்ந்த ஜோடிக்கு அந்த 30 நாள் என்பது அரிவாளுக்குக் கொடுக்கும் முகவரி. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் என்ற வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். ஊரை விட்டு ஓடி, வேறு ஊரில் வாடகை வீட்டில் ஒளிந்து வாழ்கிறவர்கள் எந்த அலுவலகத்துக்குப் போவார்கள்? பதியாமலே பத்து வருடம், இருபது வருடம் ஓடிவிடுகிறது. அவன் இறந்ததும், அவளை ஒருநாளும் வீட்டுக்குள் சேர்க்காத குடும்பம் வந்து 'இவள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது' என்று எழுதிக் கொடுக்கும். சாதி செய்த வேலையை விதிப்புத்தகம் முடித்து வைக்கிறது.

உயிரோடு இருக்கும்போதே அவளுக்கென்று எழுதி வைக்கலாமே என்றால் அதுவும் முடியாது. குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்து அல்ல, உயில் எழுதி மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. அவர்களைப் பெற்றவளுக்கு இல்லை.

இதே அரசுதான் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 'திருமணம் போன்ற உறவு' என்று எழுதி, அவன் அடித்தால் அவளுக்குப் பாதுகாப்பு தருகிறது. அடி வாங்கும்போது அவளைத் தெரிகிற சட்டத்துக்கு, அவன் செத்த பிறகு மட்டும் தெரியாமல் போகிறது.

முதல் மனைவியை நட்டாற்றில் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு வாழும் ஆண்களுக்காக நான் வாதாடவில்லை. அந்த முதல் மனைவியின் பங்கில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. நான் பேசுவது வேறு யாரும் உரிமை கோராத துணையைப் பற்றி. ஒரே முகவரியில் ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கூட்டு வங்கிக் கணக்கு, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் ஆகியவற்றை ஓய்வூதிய அலுவலகமே ஏற்க வேண்டும். குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாய். அந்தப் பணத்துக்காக ஒரு கூலித் தொழிலாளிப் பெண்ணை டெல்லி வரை இழுக்காதீர்கள்.

சட்டம் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், திருமணப் பதிவு இல்லை என்று எத்தனை விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.