வந்தவன், வந்தவள், வெனியென்ஸ்

இங்கே இங்கிலாந்தில் சில பள்ளிகளில் இலத்தீன் உண்டு. அதில் நிகழ்கால எச்சம் வந்ததும் நம்ம பிள்ளைகள் அட்டவணையை வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். 'வெனியென்ஸ்' என்றால் வருகிற, வருகிறவன். வருகிறவனை என்றால் 'வெனியென்டெம்', வருகிறவனுக்கு 'வெனியென்டி', வருகிறவனுடைய 'வெனியென்டிஸ்'. நடுவில் ஒரு 'ட்' முளைத்து, அதன்மேல் உருபு ஏறுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

இது தமிழ்ப் பிள்ளைக்குப் புதுசா என்ன? 'வருகிற பெண்ணை, வருகிற பெண்ணுக்கு' என்கிறோம். பெண்தான் உருபு ஏற்கிறாள், 'வருகிற' அசையாது. இலத்தீனிலோ எச்சமும் சேர்ந்து மாறும். ஆனால் பெண்ணை எடுத்துவிடுங்கள். 'வருகிறவளை, வருகிறவளுக்கு' என்று நம்ம எச்சமும் பெயராகி உருபு ஏற்கும். பள்ளியில் வினையாலணையும் பெயர் என்று படித்தோமே, அதுதான். போதாததற்கு, 'வெனியென்ஸ்' ஆணா பெண்ணா என்று சொல்லாது. நம்முடையது சொல்லும்.

இதன் பலம் தெரிய எங்க ஊர்ப்பக்கம், பாறசாலைக்கு வாருங்கள். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. கடைவீதியில் இரண்டு மொழியும் கலந்துதான் ஓடும். மலையாளத்தில் அவன் வந்நு, அவள் வந்நு, ஞான் வந்நு... எல்லாவற்றுக்கும் ஒரே 'வந்நு'. வினைமுற்றில் ஆண், பெண் விகுதி போய்ப் பல நூற்றாண்டாகிறது. ஆனால் 'வந்நவன், வந்நவள், வந்நவர்' மட்டும் இன்றும் அப்படியே. 'வந்நவனெ' என்று உருபும் ஏற்கும். ஆளைச் சுட்டிச் சொல்ல வேண்டிய இடத்தில் மொழி அதைக் கைவிடவில்லை.

நாம்தான் கைவிடுகிறோம். "நேத்து வந்தவங்க யாரு?" என்று கேட்க வேண்டிய பிள்ளை, "யாரு நேத்து வந்தாங்களோ அவங்க யாரு?" என்கிறது. ஆங்கிலத்தை அப்படியே திருப்பிப் போட்ட வாக்கியம். புரிந்துவிட்டது என்று நாமும் பதில் சொல்லிவிடுகிறோம். வங்கியில் கடன் வாங்கியவர், ஜாமீன் நின்றவர், பணம் கட்டியவர் என்று ஒரே சொல்லில் ஆளைப் பிரித்துவிடலாம். இந்தச் சுருக்கம் போனால் தமிழ் நீளமான, சலிப்பான மொழியாகத்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். பிறகு ஆங்கிலத்துக்கே தாவுவார்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் திருக்குறள் ஒப்பிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் 'வந்தவர், சொன்னவர், சமைத்தவர்' புழங்கட்டும். பிள்ளை சுற்றி வளைத்துப் பேசினால் திட்ட வேண்டாம், சரியான சொல்லில் நாம் ஒருமுறை திருப்பிச் சொன்னால் போதும். இலத்தீன் அட்டவணையும் அப்புறம் அவ்வளவு பயமுறுத்தாது.