கம்ப்யூட்டரைக் கொடுக்கலாம், ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்கலாமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கடையில் உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாம் என்ற யோசனை தேனி, போடி, கம்பம் வணிகர்கள் பலருக்கும் வந்திருக்கிறது. வாங்கட்டும், நல்லதே. ஆனால் பழையதை எக்ஸ்சேஞ்சுக்கோ பழைய இரும்புக் கடைக்கோ அப்படியே தூக்கிக் கொடுப்பதுதான் நமக்குச் சரியாகப் படவில்லை.

நம் பெரியவர்கள் பேரேட்டைக் கிழித்துக் கடுகு மடித்துக் கொடுத்தார்களா? ஹார்டு டிஸ்க் என்பதும் பேரேடுதான். குமுளிக் கடைக்காரர் நமக்கு எவ்வளவு பாக்கி, போடியில் ஏலக்காய் எடுத்த விலை என்ன, யாருக்கு எந்த விலையில் சரக்குப் போடுகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பாங்க் பாஸ்வேர்டும் இருக்கலாம். நம் ரகசியம் போனால் நமக்கு நஷ்டம். நம்மை நம்பிக் கடன் வாங்கியவர் பெயர் வெளியே போனால்?

"எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்" என்று பையன்கள் சொல்வார்கள். டெலீட் செய்வது பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போலத்தான்; உள்பக்கங்கள் அப்படியே இருக்கும். அதற்கென்றுள்ள சாஃப்ட்வேர் வைத்திருப்பவர் மீட்டு எடுத்துவிடலாம். அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி, பழைய டிஸ்க்குகளை அழிக்கும் வேலையை அதில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிடம் கொடுத்தது. சில டிஸ்க்குகள் வாடிக்கையாளர் விவரத்தோடு ஏலத்துக்கே போய்விட்டன. 2022-இல் அந்த நிறுவனம் 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று.

கழற்றுவது பெரிய வித்தை அல்ல. வேண்டிய கணக்கை முதலில் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துச் சரிபாருங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, வயரைப் பிளக்கிலிருந்தே உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். பக்கத்துத் தகட்டைத் திருப்புளியால் கழற்றி, கேபினட்டின் வெறும் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஹார்டு டிஸ்க்கில் இரண்டு வயர் இருக்கும்: அகலமானது மின்சாரத்துக்கு, குறுகியது தகவலுக்கு. வயரை இழுக்காமல் முனையைப் பிடித்து எடுங்கள். பக்கவாட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். கீழே போட்டுவிடாதீர்கள். புது மாடல்களில் அது மதர்போர்டில் ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் விரல் நீளப் பட்டையாகவும் இருக்கும்; தேடிப் பாருங்கள்.

டிஸ்க் இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சில் சில நூறு ரூபாய் குறைப்பார்கள். குறைக்கட்டும்.

சட்டமும் இருக்கிறது. ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எழுதும் கணக்குக்குப் பேக்கப்பும் வேண்டும். ஆகவே கழற்றிய டிஸ்க்கில் வருடத்தை எழுதி ஒட்டி பீரோவில் வையுங்கள். கெடு முடிந்ததும் டிரில் போட்டுத் துளைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

கடை விடுமுறை நாள் ஒன்றில் விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவரைச் சங்கக் கட்டடத்தில் உட்கார வைத்தால், வயதான உறுப்பினர்களும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கண்ணெதிரே கழற்றி வாங்கிக்கொள்வார்கள். நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக் கூலியைச் சங்கமே கொடுக்கலாம் என்பது நம் கருத்து.